ஆட்டத்தின் உயிர் எது?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பேசுவோர் கழகத்தின் வளர்ச்சியை எடுத்துரைப்பது மரபு. அதனைச் செய்வதற்கு நம்மினும் தகுதி உடையோர் பலர் இங்கு அமர்ந்துள்ளனர். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, 'தொழில்முறை விளையாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம்' என்பது. கல்விக் கழகத்தின் விழாவில் தொழில்முறை விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். அந்த எண்ணம் நமக்கும் முதலில் தோன்றியது. பிறகு, நம் சொந்தத் திடலில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அதனைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் பேசும் அருகதை நமக்கு இல்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியின் விளையாட்டு விழா. ஏழாம் வகுப்பு மாணவியர் எண்மர் 100 மீட்டர் ஓட்டத்துக்குக் கோட்டில் நின்றனர். அவர்களுள் ஒருவருக்குக் காது கேளாது. உடற்பயிற்சி ஆசிரியர் பின்னால் நின்று விசில் ஊதினார். ஏழு பேர் பாய்ந்தனர். அவர்கள் பாய்ந்ததைக் கண்ட பிறகே எட்டாமவர் பாய்ந்தார். அப்படிப் பின்தங்கித் தொடங்கியும் நான்காம் இடத்தில் வந்தார். மூவருக்குப் பரிசு. அடுத்த ஆண்டும் அப்படியே நடந்தது.

அவருடைய தாயார் விழாக் குழுவினரிடம் வந்தார். "ஐயா, என் மகளுக்குப் பரிசு கொடுங்கள் என்று கேட்க வரவில்லை. எல்லாரும் கிளம்பும்போது அவளும் கிளம்பட்டும். விசில் ஊதும்போது கண்ணுக்குத் தெரிய ஒரு துணியை ஆட்டினால் போதும்" என்றார். "விதி எல்லாருக்கும் ஒன்றுதான் அம்மா. ஒரு பிள்ளைக்காக மாற்றினால் நாளைக்கு ஒவ்வொருவரும் ஒன்று கேட்பார்கள்" என்று விடை கூறப்பட்டது. அந்த அம்மையார் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். விடை கூறிய குழுவில் நாமும் இருந்தோம். நியாயமாக நடந்துகொண்டோம் என்ற மன நிறைவோடுதான் அன்று வீடு திரும்பினோம்.

'விதி எல்லாருக்கும் ஒன்று.' இந்தச் சொற்றொடரை ஆராய்வதே இன்றைய உரையின் நோக்கம். இதே சொற்றொடரைப் பெரும் பொருளும் பெரும் புகழும் படைத்த ஒரு விளையாட்டு அமைப்பு, அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. அங்கே அது என்ன ஆயிற்று என்பதைச் சற்று விரிவாகக் கூறுகின்றோம்.

கோல்ஃப் திடலில் எழுந்த வழக்கு

கோல்ஃப் நம்மில் பலருக்குப் பழக்கமற்ற ஆட்டம். பரந்த புல்வெளியில் 18 குழிகள் இருக்கும். சிறு வெள்ளைப் பந்தை நீண்ட மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் முறையாக இட வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே, பந்து விழுந்த இடத்துக்கு ஆட்டக்காரர் போய்ச் சேர வேண்டும். பொழுதுபோக்காக ஆடுவோர் பலர் சிறு வண்டியில் ஏறிப் போவர். பெரிய தொழில்முறைப் போட்டிகளில் மட்டும் நடந்தே போக வேண்டும் என்று அமைப்பாளர் விதி வகுத்திருந்தனர். இந்த நடையைப் பற்றியதே வழக்கு.

கேசி மார்ட்டின் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1972இல் பிறந்தவர். பிறவியிலேயே அவரது வலக் காலில் குருதியோட்டக் கோளாறு இருந்தது. கிளிப்பெல் - டிரெனானே - வெபர் நோய் என்று மருத்துவர் அதனை அழைப்பர். காலிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய குருதி சரியாகத் திரும்பாது. நடந்தால் வலி, களைப்பு. குருதிப் பெருக்கும் குருதிக் கட்டியும் உண்டாகும் அச்சம். எலும்பு மெலிந்து முறிந்தால் காலையே எடுக்க நேரிடலாம். இத்தகைய காலோடு அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் ஆடினார். 1994இல் அவ்வணி கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டைகர் வுட்ஸ் அதே அணியில் அவரோடு ஆடியவர். நடக்க இயலாத நிலை வந்தபோது, கல்லூரிப் போட்டி அமைப்பினர் அவருக்காக நடை விதியைத் தளர்த்தினர். கல்லூரி கோல்ஃப் அதனால் அழிந்துவிடவில்லை.

பிறகு அவர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். அமெரிக்காவில் அதனை நடத்தும் பெரிய அமைப்பு பி.ஜி.ஏ. டூர். அதில் சேர அப்போது மூன்று கட்டத் தகுதிப் போட்டி இருந்தது. கட்டணம் கட்டிப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் எவரும் அதில் கலந்துகொள்ள முடிந்தது. முதல் இரண்டு கட்டங்களில் வண்டிக்குத் தடை இருக்கவில்லை. மூன்றாம் கட்டத்தில் தடை இருந்தது. 1997இல் மார்ட்டின் முதல் இரண்டு கட்டங்களையும் தாண்டினார். மூன்றாம் கட்டத்துக்கும் வண்டி வேண்டும் என்று மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பித்தார். அமைப்பினர் அந்தச் சான்றுகளைப் பார்க்கவும் மறுத்துவிட்டனர். அவருடைய காலின் நிலை எதுவாயினும் தங்களுக்கு அக்கறை இல்லை, விதி விதியே என்பது அந்த மறுப்பின் பொருள். மார்ட்டின் வழக்குத் தொடுத்தார்.

சட்டம் என்ன கூறியது?

அமெரிக்காவில் 1990இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. பொதுமக்களுக்குரிய இடங்களில் மாற்றுத்திறனாளியை வெளியே நிறுத்துவது குற்றம் என்பதோடு அச்சட்டம் நின்றுவிடவில்லை. அவர் உள்ளே வருவதற்குத் தேவையான, நியாயமான மாற்றத்தைச் செய்ய மறுப்பதும் பாகுபாடே என்று அது கூறியது. இதனைத் தக்க ஏற்பாடு என்று நாம் அழைக்கலாம். இதற்கு ஒரு வரம்பும் உண்டு: கேட்கும் மாற்றம் அந்தப் பணியின் அடிப்படை இயல்பையே மாற்றிவிடுமானால் அதனைச் செய்ய வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் தங்கள் போட்டியைக் கட்டுப்படுத்தாது என்று அமைப்பினர் வாதிட்டனர். பார்க்க வரும் மக்களுக்கு வேண்டுமானால் திடல் பொது இடம். கயிற்றுக்கு உட்புறம் ஆடுவோருக்கு அது பொது இடம் ஆகாது என்றனர். அடுத்ததாக, நடையால் உண்டாகும் களைப்பும் போட்டியின் ஒரு பகுதி. களைத்த நிலையிலும் குறி தவறாது அடிப்பவரே சிறந்த ஆட்டக்காரர். ஒருவர் மட்டும் வண்டியில் போனால் அது வேறு ஆட்டம் ஆகிவிடும் என்றனர். ஆர்னால்டு பாமர், ஜாக் நிக்லாஸ் போன்ற பெரும் ஆட்டக்காரர்கள் அவ்வாறே சாட்சியம் அளித்தனர்.

1998 பிப்ரவரியில் யூஜீன் நகர நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. நீதிபதி தாமஸ் காஃபின் உணர்ச்சிக்கு இடம் கொடாமல் கணக்குப் பார்த்தார். ஒரு சுற்று ஆட்டத்தில் நடக்கும் தொலைவு ஏறத்தாழ 5 மைல். அதற்கு ஆகும் நேரம் 5 மணி. இடையிடையே ஓய்வும் உண்டு. அந்த நடையில் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 500 கலோரி என்று உடலியல் பேராசிரியர் ஒருவர் சாட்சியம் கூறினார். அது ஒரு வேளைச் சிற்றுண்டி தரும் ஆற்றலுக்கும் குறைவே. வண்டி இருந்தாலும் மார்ட்டின் ஒரு சுற்றில் ஒரு மைலுக்கு மேல் நடந்தாக வேண்டும். ஆகவே, வண்டியில் போகும் அவர் படும் துன்பமும் களைப்பும், நடந்து போகும் மற்றவர்களது களைப்பைவிடக் கூடுதலானவை என்று நீதிபதி முடிவு செய்தார். 'விதி எல்லாருக்கும் ஒன்று' என்ற சொற்றொடர் முதலில் உடைந்தது இங்கேதான். ஒரே விதி எல்லார் மீதும் ஒரே எடையோடு இறங்குவதில்லை என்பது கணக்குப் பார்த்த பிறகே வெளிப்பட்டது.

வழக்கு மேல் நீதிமன்றங்களுக்குச் சென்றது. 2001 மே 29 அன்று உச்ச நீதிமன்றம் 7 பேருக்கு 2 பேர் என்ற பெரும்பான்மையில் மார்ட்டினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். கட்டணம் செலுத்திய எவரும் தகுதிப் போட்டியில் சேரலாம் என்று அழைத்துவிட்டு, ஆடுவோர் பொதுமக்கள் அல்லர் என்று கூற இயலாது என்று அவர் எழுதினார்.

உயிரும் உடையும்

நண்பர்களே, நம் கருத்துக்கு மையமானது இத்தீர்ப்பு வகுத்த உரைகல். ஒரு மாற்றம் ஆட்டத்தின் இயல்பைக் கெடுப்பது இரண்டு வகையில் நிகழலாம் என்று தீர்ப்பு கூறியது. முதல் வகையில், எல்லாருக்கும் சமமாகச் செய்தாலும் ஏற்க முடியாத அளவுக்கு ஆட்டத்தின் உயிர்நிலையை அது மாற்றிவிடும். குழியின் அகலத்தை இருமடங்கு ஆக்குவது இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாம் வகையில், மாற்றம் சிறியதாக இருக்கும். ஆயினும் அதனைப் பெறுகின்றவருக்கு மற்றவர் மீது ஓர் ஆதாயத்தைத் தந்துவிடும். இவ்விரண்டில் எதிலும் அடங்காத மாற்றத்தைச் செய்யத்தான் வேண்டும்.

வண்டி இவ்விரண்டில் எதில் அடங்கும்? கோல்ஃப் விளையாட்டின் பொது விதிகளில் வண்டிக்குத் தடை ஏதும் இல்லை என்பதை நீதிமன்றம் சுட்டிக் காட்டியது. அதே அமைப்பு நடத்திய மூத்தோர் போட்டிகளில் வண்டிக்கு இடம் இருந்தது. தகுதிப் போட்டியின் முதல் இரு கட்டங்களிலும் இடம் இருந்தது. ஆட்டத்தின் உயிர் பந்தை அடிக்கும் திறனில் உள்ளது; பந்து கிடக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதில் இல்லை. ஆகவே முதல் வகை இல்லை. வண்டியில் போயும் மற்றவரினும் கூடுதலாகக் களைக்கின்றவருக்கு அது ஆதாயமும் ஆகாது. ஆகவே இரண்டாம் வகையும் இல்லை. இதனைப் பொதுவாகப் பேசி முடிவு செய்தல் கூடாது. கேட்கின்ற அந்த ஒருவரின் நிலையைத் தனியே ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் வலியுறுத்தியது.

உயிர் வேறு, உடை வேறு. உடையை நெடுநாள் அணிந்தால் அதுவே தோல் என்று எண்ணத் தொடங்கிவிடுகின்றோம். இந்த மயக்கம் நம் மக்களுக்குப் புதிதன்று. பல்வங்கர் பாலு என்னும் ஒடுக்கப்பட்ட குலத்துக் கிரிக்கெட் வீரர், 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். பூனாவில் அவர் வீசிய பந்தை உடன் ஆடியோர் கையால் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு வெளியே தனிக் குவளை. பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு இருந்தது. கிரிக்கெட்டின் எந்த விதி நூலிலும் அந்தக் குவளை இல்லை. நடை விதியும் குவளையும் ஒன்று என்று நாம் கூறவில்லை. குவளை இழிவு செய்வதற்கென்றே பிறந்தது. நடை விதியை இட்டவர்கள் எவரையும் இழிவு செய்ய எண்ணியவர்கள் அல்லர். நம் விழாக் குழுவும் அப்படி எண்ணவில்லை. தீய எண்ணம் இல்லாத இடத்திலும் ஒருவர் வெளியே நிறுத்தப்படலாம் என்பதைத்தான் இங்கே கற்க வேண்டியுள்ளது.

மறுதரப்பின் வாதம்

எதிர்த்து எழுதிய நீதியரசர்கள் இருவரின் கருத்தையும் கேட்க வேண்டும். நீதியரசர் ஸ்காலியா எழுதிய மறுப்புரையில் நீதியரசர் தாமஸ் இணைந்தார். விளையாட்டு விதிகள் யாவுமே மனிதர் தம் விருப்பப்படி வகுத்தவை; அவற்றுள் ஒன்றை உயிர் என்றும் மற்றொன்றை உடை என்றும் பிரிக்க நீதிபதிகளுக்கு என்ன அளவுகோல் உண்டு என்று அவர் கேட்டார். இயற்கை சமமின்றிப் பகிர்ந்த திறன்களை அளந்து காட்டுவதே போட்டி என்பதால், அதில் சமத்துவத்தைத் தேடுவது பொருந்தாது என்றார். இப்படியே போனால், கவனக் குறைபாடு உள்ள சிறுவனின் பெற்றோர் பேஸ்பால் ஆட்டத்தில் அவனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாய்ப்புக் கேட்பர் என்றும் எள்ளினார். நம் விழாக் குழு கூறிய 'நாளைக்கு ஒவ்வொருவரும் ஒன்று கேட்பார்கள்' என்ற அச்சமே நல்ல ஆங்கிலத்தில் அங்கு ஒலித்தது.

இந்த வாதத்தில் ஓர் உண்மை உண்டு. கேட்பன யாவும் கொடுக்கத் தக்கன அல்ல. பந்தடிக்கக் கூடுதல் வாய்ப்புக் கேட்பது ஆட்டத்தின் அளவையே மாற்றுவது, அதனை மறுக்கலாம். ஆனால் ஒருவர் கேட்கக் கூடாததைக் கேட்பார் என்பதற்காக, கேட்கத் தக்கதைக் கேட்டவருக்கு மறுப்பது நீதி ஆகாது. விண்ணப்பத்தைப் படித்துப் பார்ப்பதற்கு அஞ்சி அலுவலகக் கதவையே மூடுவது போன்றது அது.

கடினமான எடுத்துக்காட்டுகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 11 மாதக் குழந்தையாக இருந்தபோதே முழங்காலுக்குக் கீழ் இரு கால்களையும் இழந்தவர். வளைந்த கரியிழைச் செயற்கைக் கால்களால் ஓடினார். அவை வில் போலத் தள்ளி அவருக்கு ஆதாயம் தருகின்றன என்று பன்னாட்டுத் தடகள அமைப்பு 2008 ஜனவரியில் அவரைத் தடுத்தது. மொத்தத்தில் ஆதாயம் உண்டு என்று அமைப்பு மெய்ப்பிக்கவில்லை எனக் கூறி, விளையாட்டுக்கான நடுவர் மன்றம் அதே ஆண்டு மே மாதம் தடையை நீக்கியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதி வரை அவர் ஓடினார். பின்னாளில் அவர் கொலைக் குற்றவாளி ஆனது வேறு கதை. அந்தத் தீர்ப்பின் நெறியை அது மாற்றாது.

அமெரிக்காவின் பிளேக் லீப்பரும் இரு கால்களும் முழுமையின்றிப் பிறந்தவர். அவர் வழக்கில் அதே மன்றம் 2020இல் வேறு முடிவுக்கு வந்தது. இயற்கைக் கால்கள் இருந்தால் அவர் எவ்வளவு உயரம் இருந்திருப்பாரோ அதனினும் சில அங்குலம் கூடுதலான உயரத்தில் அவருடைய செயற்கைக் கால்கள் அவரை நிறுத்தின. ஆகவே ஆதாயம் உண்டு என்றது. ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிற்று: ஆதாயம் இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமையை மாற்றுத்திறனாளியின் தலையில் ஏற்றுதல் செல்லாது, தடுக்கின்ற அமைப்பே ஆதாயத்தை மெய்ப்பிக்க வேண்டும். ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். இருவருக்கும் கணக்குப் பார்க்கப்பட்டது. சான்றைப் பாராமலே கதவை அடைக்கும் காலம் போயிற்று என்பதே இவற்றால் விளைந்த நன்மை.

தாமே வழி கண்டவர்கள்

சலுகை கேளாமலே வென்றவர்கள் இல்லையா என்று வினவுவோர் உண்டு. இருக்கின்றனர். நம் நாட்டின் சந்திரசேகர் இளமையில் போலியோவால் வலக் கை மெலிந்தவர். அந்தக் கையாலேயே சுழற்பந்து வீசி 58 டெஸ்ட் ஆட்டங்களில் 242 விக்கெட்டுகளை எடுத்தார். 1971இல் ஓவல் திடலில் அவர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் வீழ்த்தியபோதுதான் இந்தியா இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது. மன்சூர் அலிகான் பட்டோடி 1961இல் நேர்ந்த கார் விபத்தில் வலக் கண்ணின் பார்வையை இழந்தார். அடுத்த ஆண்டே 21 வயதில் இந்திய அணிக்குத் தலைவர் ஆனார். அமெரிக்காவின் ஜிம் ஆபட் வலக் கை இல்லாமல் பிறந்தவர். இடக் கையால் பந்து வீசியதும் நொடிப் பொழுதில் அதே கையில் கையுறையை மாட்டிக்கொண்டு பந்தைப் பிடிப்பார். 1993 செப்டம்பர் 4 அன்று, எதிரணிக்கு ஒரு நல்லடி கூடக் கொடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார்.

இவர்களைப் போற்றுகின்றோம். ஆனால் இவர்களைக் காட்டி மற்றவர்களை மறுக்கும் பழக்கத்தை ஏற்க மாட்டோம். சந்திரசேகரின் குறை அவர் ஆட்டத்தின் விதியோடு மோதவில்லை. மார்ட்டினின் குறை மோதிற்று. ஒருவரது மன உறுதி குறைவு என்பதனால் அந்த மோதல் நேர்வதில்லை. தெருவிளக்கில் படித்துப் பட்டம் பெற்றவர் ஒருவர் உண்டு என்பதற்காக, பள்ளிக்கு மின்விளக்கு வேண்டாம் என்று நம் கழகத்தின் நிறுவனர்கள் கூறவில்லை அன்றோ?

கதவும் வெற்றியும்

மார்ட்டினுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்று மாணவர்கள் அறிய விரும்புவர். வழக்கு நடந்த காலத்திலேயே 1998 ஜனவரியில் இரண்டாம் நிலைத் தொழில்முறைப் போட்டி ஒன்றை வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் 23ஆம் இடத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்டார். 2000இல் முதல் நிலைப் போட்டிகளில் ஓராண்டு முழுவதும் ஆடினார். போதிய இடம் பெறாமல் அந்தத் தகுதியை இழந்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர் முதல் நிலையில் இல்லை. 2006இல் ஆரிகன் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் ஆனார். 2016இல் அவ்வணி தேசியப் பட்டத்தை வென்றது. 2021இல் அந்த வலக் காலை மருத்துவர்கள் எடுத்துவிட நேர்ந்தது. காலைப் பற்றி அவர் கொடுத்த மருத்துவச் சான்று பொய்யன்று என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

அவர் பெரிய பட்டங்களை வெல்லவில்லை என்பதனைச் சிலர் குறையாகக் கூறுவர். நமக்கு அதுவே தெளிவைத் தருகின்றது. வண்டி அவருக்கு ஓர் அடியைக் கூடக் குறைத்துக் கொடுக்கவில்லை. பந்து தவறிய நாளில் அவர் மற்றவரைப் போலவே தோற்றார். தக்க ஏற்பாடு என்பது கதவைத் திறப்பது; உள்ளே போனவருக்கு வெற்றியை வாங்கிக் கொடுப்பது அன்று. தோற்கும் உரிமையும் போட்டியில் கலந்தவருக்கே உண்டு.

தீர்ப்பு வந்ததும் திடல் முழுதும் வண்டிகளால் நிறைந்துவிடும் என்று அஞ்சியோர் இருந்தனர். அவ்வாறு நிகழவில்லை. 2019இல் முழங்கால் மூட்டு நோயால் ஜான் டேலி வண்டி கேட்டபோது, அமெரிக்காவில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் போட்டியினர் இசைந்தனர். அந்த ஆண்டின் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியினர் மறுத்தனர். அத்தகைய வேண்டுகோள்கள் அரிதாகவே வருவதனால்தான் அவை செய்தி ஆகின்றன.

நம் நாட்டுச் சட்டமும் நம் திடலும்

இது அயல்நாட்டுக் கதை என்று கருதிவிட வேண்டாம். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. அதன் வழியில் 2016இல் நம் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தக்க ஏற்பாடு செய்ய மறுப்பதும் பாகுபாடே என்று அச்சட்டம் வரையறுக்கின்றது. அதன் 30ஆம் பிரிவு விளையாட்டுக்கென்றே அமைந்தது. கண், காது முதலிய பல புலன்களுக்கும் ஏற்ற வசதிகளை விளையாட்டுகளில் செய்து தர வேண்டும் என்று அது கூறுகின்றது. அந்த அம்மையார் கேட்ட துணி அசைவும் இதுவே.

தேர்வுக் கூடத்திலும் இதே உரைகல் வந்துவிட்டது. எழுதும்போது கை பிசகும் நோய் உடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதுவோர் துணை கேட்ட வழக்கில், 2021இல் நம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தேர்வின் உயிர் அறிவை அளப்பது. கையெழுத்தை அளப்பது அன்று.

இப்போது நம் திடலுக்குத் திரும்புவோம். 100 மீட்டர் ஓட்டத்தின் உயிர் எது? யார் விரைவாக ஓடுகிறார் என்பதே. விசில் ஓசை ஓட்டத்தின் உடை. ஓசையோடு கொடியும் அசைந்தால் ஓட்டம் வேறு ஆட்டம் ஆகாது. மற்ற எழுவருக்கும் ஓர் இழப்பும் இல்லை. காது கேளாதோருக்கான பன்னாட்டுப் போட்டிகள் 1924இல் பாரிசில் தொடங்கியவை. இன்று அவற்றில் ஓட்டத்தைத் தொடங்கி வைப்பது விளக்கொளி. நம் குழுவில் பட்டம் பெற்றவர்கள் ஐவர் இருந்தோம். ஒரு முழத் துணியால் தீர்ந்திருக்க வேண்டியதை விதியின் பெயரால் தீராமல் வைத்தோம்.

அந்த மாணவி எட்டாம் வகுப்புக்குப் பின் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த விழாவில் பரிசுப் பொருள்களை மேசையில் அடுக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. அதனை நம் பெருந்தன்மை என்றே கருதினோம். பிறகு அக்குடும்பம் வேறூர் சென்றுவிட்டது. சரியான தொடக்கம் கிடைத்திருந்தால் அவர் முதலாவதாக வந்திருப்பாரா என்பதை அறியும் வழியை நாமே அடைத்துவிட்டோம்.

ஆகவே இந்த வெள்ளி விழாவில் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, வரும் விளையாட்டு விழாவிலிருந்து எல்லா ஓட்டங்களும் விசிலோடு கொடியும் அசைத்தே தொடங்கப்பட வேண்டும்; அதனைக் கேட்கும் பிள்ளை அந்த ஆண்டு இல்லாவிட்டாலும் இது தொடர வேண்டும். இரண்டாவது, உடற்குறை உடைய பிள்ளைக்கு எண்ணிக்கை குறிக்கும் வேலையையோ மேசை அடுக்கும் வேலையையோ கொடுக்கும் முன், 'நீ ஆட விரும்புகின்றாயா?' என்று அந்தப் பிள்ளையையே கேட்க வேண்டும். மூன்றாவது, ஒரு பெற்றோர் மாற்றம் கேட்டு வந்தால் அன்றே மறுக்காமல் மூன்று வினாக்களை எழுதி விடை காண வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இது தேவையா? இதனால் ஆட்டத்தின் உயிர் மாறுமா? மற்றவர் மீது இவருக்கு ஆதாயம் கிட்டுமா? தேவை உண்டு, பின்னிரண்டும் இல்லை என்றால் மாற்றம் செய்யப்பட வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. முதல் கொடிக்கான துணியை நாமே வாங்கித் தருகின்றோம். அந்தத் தாயார் இருக்கும் ஊர் தெரிந்தவர்கள் இந்த அவையில் எவரேனும் இருந்தால், அடுத்த விளையாட்டு விழாவுக்கு அவரையும் அவர் மகளையும் அழைக்க உதவ வேண்டுகின்றோம். கொடியை முதன்முதலில் அசைக்கும் உரிமை அவர்களுக்கே உரியது.